சீனி இல்லையாம், ஆனா இனிக்குதாம்!



தீபாவளி நெருங்கிவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பலகாரக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே சில கடைகளில் இப்போது தனியாக ஓர் அடுக்கு கண்ணில் படுகிறது. சீனி இல்லாத லட்டு, சீனி இல்லாத பிஸ்கட், சீனி இல்லாத சாக்லெட்! விலை மட்டும் கூடுதல். "தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இனிப்புநீர், பாவம், அவங்களும் ரெண்டு வாய் சாப்பிடட்டுமே" என்று பட்டணத்துப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறார்கள். பாட்டி ஒரு விள்ளலை வாயில் போட்டுப் பார்க்கிறாள். "சீனி இல்லேன்னீங்களே, பின்னே எப்படிடா இப்படி இனிக்குது? கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்!"

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டியது நமக்கு மிக அவசியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். முதலில் நாக்கின் சங்கதியைப் பார்ப்போம்.

சிறுகுறிஞ்சான் என்றொரு கொடியை நம் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கே சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயரும் உண்டு. அதன் இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு, பிறகு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? மணலை மெல்லுவது போலிருக்கும்! இனிப்பே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாக்குக்குப் பழைய சுவை திரும்பும். சீனி அதே சீனிதான், அது எங்கேயும் போய்விடவில்லை. ஆக, இனிப்பு என்பது சீனிக்குள்ளே மட்டும் இருக்கிற சரக்கல்ல என்பது விளங்குகிறது அல்லவா? பாதி வேலை நாக்கில் நடக்கிறது.

நாக்கின் மேலே சின்னச் சின்னச் சுவை அரும்புகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள உயிரணுக்களில் சிலவற்றுக்கு இனிப்பை அறிவதற்கென்றே ஒரு பூட்டு உண்டு. இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து அந்தப் பூட்டாக அமைந்திருக்கின்றன என்பதை விஞ்ஞானிகள் 2001ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தார்கள். சீனி வந்து அந்தப் பூட்டில் பொருந்தினால், "இனிப்பு வந்தாச்சு" என்று மூளைக்குச் சேதி போகிறது. வந்தது கரும்புச் சீனியா, வேறொன்றா என்று பூட்டு விசாரிப்பதில்லை. சாவி பொருந்துகிறதா, அவ்வளவுதான். சிறுகுறிஞ்சான் அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. (வீட்டுப் பூனைக்கு அந்த ஜோடியில் ஒன்று வேலை செய்யாது. அதனால் அதற்கு இனிப்பே தெரியாது. பால் சட்டியை அது உருட்டுவது இனிப்புக்காக அல்ல!)

சீனியின் சாவியை விட இந்தப் பூட்டில் இறுக்கமாகப் பொருந்தும் கள்ளச் சாவிகள் உலகத்தில் நிறைய உண்டு. அவற்றில் முக்கியமானவற்றை மனிதன் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கை கழுவாததால் கண்டுபிடித்தான் என்பதுதான் வேடிக்கை. 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கரித்தாரிலிருந்து எடுத்த பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் பால்பெர்க் என்பவர் கையைச் சரியாகக் கழுவாமல் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. அதுதான் சக்கரின். 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற இன்னோர் அமெரிக்கர், காகிதத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டார். அஸ்பார்டேம் பிறந்தது. 1976இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆராய்ச்சியாளரிடம் ஒரு பொடியை "டெஸ்ட்" பண்ணச் சொன்னார்கள். அது அவர் காதில் "டேஸ்ட்" என்று விழுந்ததாம். எடுத்து வாயில் வைத்தார். சுக்ரலோஸ் கிடைத்தது! தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் தாய்மார்கள் இந்தப் பெரியவர்களைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு உட்காருமுன் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டுக் காட்டோரங்களில் லெம்பா என்ற செடி முளைக்கிறது. தென்னங்கன்று போல மடிப்பு மடிப்பான நீண்ட இலை, தரையோடு தரையாக மஞ்சள் பூ. அதன் பழத்தைத் தின்றுவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும், எலுமிச்சையும் இனிக்கும்! அதிலுள்ள புரதத்தை 1990இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஸ்டீவியா என்கிறார்களே, அது தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டு மக்கள் பழங்காலந்தொட்டு அறிந்த இலை. ஆக, சீனியில்லாமல் இனிப்பது ஒன்றும் மாயமந்திரமல்ல.

கணக்கைப் பாருங்கள். அஸ்பார்டேம் சீனியைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இனிக்கும். சுக்ரலோஸ் 600 மடங்கு. எட்டுத் தேக்கரண்டி சீனி, அதாவது 32 கிராம் சீனி செய்கிற வேலையை, ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கு அஸ்பார்டேம் செய்துவிடுகிறது. இத்தனை சிறிய அளவு வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் சீனியை ஏற்றுவதில்லை. சக்கரின் வந்த வழியே சிறுநீரில் போய்விடுகிறது. சுக்ரலோஸின் பெரும்பகுதி உடம்பில் ஒட்டுவதே இல்லை. நாக்குக்குச் சேதி கிடைத்தது, ரத்தத்துக்குச் சரக்கு வந்து சேரவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

"அப்போ நல்லதுதானேங்க, அந்த லட்டையே சாப்பிடலாமே" என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். லட்டில் சீனி மட்டுமா இருக்கிறது? கடலை மாவு இருக்கிறது, நெய் இருக்கிறது. பிஸ்கட்டில் கோதுமை மாவு இருக்கிறது. மாவு என்பது என்ன? ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்து பாருங்கள். மெதுவாக இனிக்க ஆரம்பிக்கும். எச்சில் அந்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வயிற்றுக்குள் போனால் மிச்சமும் சர்க்கரைதான். நாக்குக்கு இனிக்காத ஒரு தட்டுச் சோறும், இரண்டு ரொட்டி சானாயும் ரத்தத்தில் சீனியை ஏற்றுகிற வேகம் இனிப்புநீர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சீனி இல்லாத பிஸ்கட்டை "மருந்து மாதிரி" நினைத்து ஒரு பொட்டலத்தையே காலி செய்தால், மறுநாள் கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்க்கும்போது உண்மை வெளியே வந்துவிடும். சிலவற்றில் மால்டிட்டால் என்ற ஒருவகை இனிப்பைப் போடுகிறார்கள். அது சீனியைவிடக் குறைவாக என்றாலும் ரத்தச் சீனியை ஏற்றத்தான் செய்யும். அளவு மீறினால் வயிற்றையும் கலக்கி விடும்.

வார்த்தைகளிலும் சூட்சுமம் இருக்கிறது. "சீனி இல்லை" என்று போடுவதற்கு நம் நாட்டு உணவு விதிமுறையில் அளவு வைத்திருக்கிறார்கள். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சீனி இருக்கக்கூடாது. ஆனால் "தன்பா கூலா தம்பாஹான்" என்று போட்டிருந்தால் அதன் பொருள் வேறு. கூடுதலாகச் சீனி சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பழத்தின் சீனியும், பாலின் சீனியும், மால்ட்டின் சீனியும் உள்ளே இருக்கலாம். மாமாக் கடையில் "தே தாரேக் கூராங் மானிஸ்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காருகிறோமே, அது இன்னொரு கூத்து. அந்த டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான்! தனியே சீனி போடாவிட்டாலும் பால் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. சீனியே வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். பனைவெல்லம், கூலா மெலாக்கா, தேன் இவையெல்லாம் "நாட்டுச் சரக்கு, ஒண்ணும் செய்யாது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாக்குக்கு அவை வெவ்வேறு மணம். ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரையே.

இந்தக் கள்ளச் சாவிகள் விஷமா என்ற கேள்வியும் எழும். 1977இல் எலிகளுக்குச் சக்கரின் கொடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று அமெரிக்காவில் பெரும் பீதி கிளம்பியது. எலிக்கு வந்த விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று பின்னர் தெரிந்து, 2000ஆம் ஆண்டில் அந்த எச்சரிக்கைச் சீட்டை எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அஸ்பார்டேமைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. அதே சமயம் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த எல்லையைத் தாண்ட ஒரே நாளில் ஒன்பது டின்னுக்கு மேல் குடித்தாக வேண்டும். அதே ஆண்டு மே மாதத்தில், உடல் இளைப்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நமது கருத்து என்னவென்றால், இவற்றைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், காசைக் கொட்டி வாங்கவும் வேண்டாம். தோட்டத்துச் சம்பளத்தில் இந்தக் கூடுதல் விலைக்கு வேலையில்லை. சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால், சில வாரங்களில் குறைந்த இனிப்பே நாக்குக்குப் பழகிவிடும். அதற்கு ஒரு காசு செலவில்லை. (பீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவி நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் அஸ்பார்டேம் பக்கமே போகக்கூடாது. அவர்களின் பெற்றோருக்கு டாக்டர் முன்பே சொல்லியிருப்பார்.)

இதில் எதற்கு இத்தனை அக்கறை என்றால், இனிப்புநீர் நம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு! மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகாரம் வாங்கப் போகிறோமே பிரிக்பீல்ட்ஸ், அங்கேயேதான் 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் இருக்கிறது. பெரியவர்கள் கண்ணிழப்பதற்கு இனிப்புநீர் ஒரு முக்கிய காரணம் என்பதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடந்தால், கையிலிருக்கும் லட்டுப் பெட்டி கொஞ்சம் கனக்கும். நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்த காலத்தில், கித்தாவுக்கும் முன்னே, புரோவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டங்களில்தான் முதுகொடித்தார்கள். அடுத்தவன் மேசைக்குச் சீனி அனுப்பிய இனம், இன்று அந்தச் சீனியாலேயே கால் விரலை இழந்துகொண்டிருக்கிறது.

இனி, முன்னால் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான்.

2019 ஜூலை முதல் தேதியிலிருந்து அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு. 2024 ஜனவரியில் அது 50 காசாயிற்று, 2025 ஜனவரியில் 90 காசு. நல்ல காரியந்தான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அமரர் எஸ்.எம்.முகமது இத்ரிஸ் காலந்தொட்டு, சீனியைக் குறையுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியதற்கு ஓரளவு பலன் கிடைத்ததே என்று மகிழலாம். வரியைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் சீனியைக் குறைத்தன. குறைத்த இடத்தைச் சிலர் கள்ளச் சாவியால் நிரப்பினார்கள். அதனால் கடையில் பக்கத்துப் பக்கத்திலே நிற்கும் மூன்று டின்களில், ஒன்றில் எட்டுத் தேக்கரண்டி சீனி இருக்கும், இன்னொன்றில் நான்கு இருக்கும், வேறொன்றில் ஒன்றுமே இருக்காது. குடித்துப் பார்த்தால் மூன்றும் இனிக்கும்! எது எது என்று நாக்கு சொல்லாது.

இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கேரித் தீவிலோ, பந்திங் பக்கமோ, காப்பாரிலோ ஒரு செம்பனைத் தோட்டம். ஒரு தோழர் இனிப்புநீருக்கு இன்சுலின் போடுகிறார், அல்லது கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் மருந்து ஆயிற்று, ஆனால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று பசியாறாமலே ஓடிவிட்டார். பத்து மணி வெயிலில் குலை வெட்டிக்கொண்டிருக்கிறார். கை நடுங்குகிறது, சில்லென்று வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கூப்பிட்டால் ஏதோ உளறுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார். பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "காலங்காத்தாலேயே தண்ணி போட்டுட்டான் பாரு!" தோழர்களே, அது போதையல்ல. ரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. மூளைக்கு எரிபொருள் போய்ச் சேரவில்லை. அப்படியே விட்டால் மயங்கி விழுவார், வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. அன்போடு யாரோ ஒருவர் தம் பையிலிருந்த டின்னைத் திறந்து குடிக்க வைக்கிறார். அது "சீனி இல்லாத" டின்னாக இருந்தால்? வாயெல்லாம் இனிக்கிறது, "குடிச்சாச்சு, சரியாயிடும்" என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஒரு துளி சீனிகூட ஏறவில்லை! இனிப்புநீர்க்காரர் வீட்டில்தான் இந்தச் சீனி இல்லாத பானமும் மிட்டாயும் அதிகம் இருக்கும் என்பதால், இந்தத் தவறு நடக்க வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

அந்த நேரத்தில் வேண்டியது அசல் சீனி. மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். நடுக்கம் நிற்கவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ ரொட்டியோ சாப்பிட வைத்து, டிரஸரிடமோ கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். அன்றைக்கு மறுபடி கத்தியைத் தூக்க விடாதீர்கள். ஆள் நினைவிழந்துவிட்டாரென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். டின் பானந்தான் கையில் இருக்கிறது என்றால், முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். "ஜும்லா கூலா" என்ற வரியில் எத்தனை கிராம் என்று பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் அதைத் தூரப் போட்டுவிட்டுச் சீனியைத் தேடுங்கள். "பெமானிஸ்" என்ற சொல் தென்பட்டால் கள்ளச் சாவி உள்ளே இருக்கிறது என்று பொருள். எஞ்சிய சீனி எவ்வளவு என்பதை அந்தக் கிராம் கணக்குத்தான் சொல்லும்.

இதைத் தனித்தனி ஆளின் தலையில் கட்டிவிட்டுப் போவதில் நமக்கு உடன்பாடில்லை. பசியாறாமல் பெரட்டுக்கு ஓடுவது அவர் குற்றம் என்று சொல்லிவிடலாம். அரை மணி தாமதித்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் யார் கொடுத்தது? இனிப்புநீருக்கு மருந்து எடுக்கும் தோழர்களுக்குப் பசியாற நேரமும், பத்து மணிக்கு உட்கார்ந்து எதையாவது கடிக்க அனுமதியும் வேண்டுமென்று தொகுதிக் கிளைகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மருந்து எடுப்பவர்களும் அதை மறைக்காமல் பக்கத்து வரிசைத் தோழரிடமாவது சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம்மில் பலருக்கு இருக்கிற விஷயம்.

கூடவே, ஒவ்வொரு குலை லோரியிலும் ஒவ்வொரு மண்டோர் பையிலும் சீனி இருக்க வேண்டும். ஒரு கிலோ சீனி என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். பழைய பால்மாவு டின் ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலங்களாக மூன்று மூன்று தேக்கரண்டி கட்டிப் போட்டு, மூடியை இறுக்கி விடுங்கள். எறும்பு வராது, மழையிலும் கரையாது. டின்னின் மேலே பெயிண்டால் "சீனி" என்று எழுதுங்கள், மலாயில் "கூலா" என்றும் எழுதுங்கள். இன்று நம் பக்கத்தில் குலை வெட்டுபவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருந்தால், "சீனி" என்று வாயால் சொன்னாலே போதும், அவர்கள் பாஷையிலும் அது சீனிதான். இந்தோனேசியத் தோழருக்கு "கூலா" என்றால் புரியும்.